மாஸ்டர், ஒரு இட்லி

அண்ணேன்னு கூப்பிடாதீங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. தள்ளி உக்காரச் சொன்னீங்க, உக்காந்துட்டேன், அதுல ஒண்ணும் இல்ல. பெரியவரேன்னு கூப்பிடுங்க, ஐயான்னு கூப்பிடுங்க, யோவ்னு கூப்பிட்டாக்கூடத் திரும்பிப் பாப்பேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் வேணாம். ஆரப்பாளையத்துல ஏறுனதுல இருந்து கண்டக்டரும் அண்ணேங்கிறாரு, சுண்டல் விக்கிறவனும் அண்ணேங்கிறான். ஊர்ல போறவன் வர்றவன் எல்லாம் கூப்பிடுறான். கூப்பிட வேண்டியவன் கூப்பிடல. அதான் கேட்டா எரியுது.

பையா? மேல வேணாம் தம்பி, மடியிலயே இருக்கட்டும். மாத்திரை இருக்கு. எனக்கில்ல, என் தம்பிக்கு. பேசுறதுக்கு மாத்திரை. அட, நெசமாத்தான். நானும் மொதல்ல உங்களை மாதிரித்தான் முழிச்சேன். காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு, வயித்துக்கு மாத்திரை உண்டு, பேச்சுக்கு ஏதுய்யா மாத்திரைன்னு. இருக்கு. எங்க பக்கத்துக் கடைகள்ல கெடைக்கிறதில்ல, மதுரைக்குத்தான் வரணும். நீங்க தேனியா? நான் அதுக்கும் அங்கிட்டு, சின்னமனூரு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல எங்க கடை. இட்லி தோசைக் கடை. என் பேரு சுருளிவேல். என் தம்பி பேரு தவமணி. அப்பா வச்ச கடை, ரெண்டு பேருக்கும் பங்கு. நான் உள்ள அடுப்படி, அவன் வெளிய சப்ளை.

நீங்கள்லாம் இப்ப வந்த பிள்ளைக. சீட்டுல எழுதிக் குடுக்கிறதும் மிசின்ல தட்டுறதும்தான் பாத்திருப்பீங்க. அப்பெல்லாம் வாய்தான். சப்ளை பண்றவன் அடுப்படிச் சன்னல்கிட்ட வந்து நின்னு கூப்பிட்டான்னா உள்ள இருக்கிறவனுக்கு விளங்கணும், வெளிய உக்காந்திருக்கிறவனுக்குப் பசிக்கணும். தவமணி கூப்பிடுவான் பாருங்க, "அண்ணே, ரெண்டு ரவா ரோஸ்ட்டு, ஒண்ணு முறுகலா, ஒரு ஊத்தப்பம் வெங்காயம் தூக்கலா!" பஸ் ஸ்டாண்டுல நிக்கிற கம்பம் பஸ்ஸு வரைக்கும் கேக்கும். நான் "வந்துச்சு"ன்னு குரல் குடுப்பேன். அம்புட்டுத்தான் எங்க யாவாரம். கடைக்கு போர்டே கெடையாது தம்பி. அவன் தொண்டைதான் போர்டு.

நல்லாத்தான் இருந்தோம். அப்பறம் ஒருநாள் போடியில இருந்து ஏலக்கா யாவாரி குடும்பத்தோட வந்தாரு. பெரிய கார்ல வந்த ஆளு. சாம்பார்ல உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு போல. என் தம்பி சன்னல்கிட்ட வந்தான். வந்து அம்புட்டுப் பேரு முன்னால சொல்றான், "மாஸ்டர், சாம்பார்ல உப்பு கூட, பாத்து எறக்குங்க."

உப்பு கூடுச்சுன்னு சொல்லட்டும். கூடுச்சுதான். மாஸ்டர்ங்கிறான் தம்பி! கூடப் பெறந்தவன. கூலிக்கு நிக்கிற ஆள மாதிரி. அந்த யாவாரிகிட்ட, சமைக்கிறவன் என் அண்ணன்னு சொல்றதுக்கு அவனுக்குக் கூச்சமாப் போச்சு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க.

கடை அடைச்சப்பறம் கேட்டேன். ஏதோ வாய்தவறி வந்துருச்சுண்ணேன்னான். எனக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. "இனிமே என்னைய அண்ணேன்னு கூப்பிட்ட, கூப்பிட்ட நாக்கு அழுகிப் போயிரும்டா"ன்னு சொன்னேன். கோவத்துல சொல்றதுதான? நீங்க சொன்னதில்லையா? வீட்டுக்கு வீடு சொல்றாங்க. சொன்னதெல்லாம் நடந்தா ஊர்ல ஒருத்தன் நாக்கோட இருக்க முடியுமா?

அதோட பேச்சு நின்னு போச்சு. ஆனா கடை நிக்க முடியுமா? மறுநாள் விடியக்காலம் நான் மாவைத் தூக்கிட்டு உள்ள போனேன், அவன் இலையை நறுக்கிட்டு வெளிய நின்னான். சன்னல்கிட்ட வந்து, "மாஸ்டர், நாலு இட்லி"ன்னான். நான் வாயத் தெறக்கல. தோசைக்கல்லு ஓரத்துல கரண்டியால டொக்கு டொக்குன்னு ரெண்டு தட்டுத் தட்டுனேன். வந்துச்சுன்னு அர்த்தம். அன்னையில இருந்து அப்படித்தான். அவன் மாஸ்டர்ம்பான், நான் கரண்டியால தட்டுவேன். வருசக்கணக்கா. அது பேச்சா? அது கடை. பேச்சுங்கிறது வேற.

சின்னவன்தான தம்பி மொதல்ல பேசணும்? நம்ம பக்கத்து வழக்கம் அதுதான? பெரியவன் எறங்கி வந்தா அது நல்லாவா இருக்கும்?

உசிலம்பட்டி தாண்டியாச்சா? இனி கணவாய் வரும். அங்க போன் கெடைக்காது, யாருக்காவது பேசணும்னா இப்பவே பேசிக்கங்க. ஆண்டிபட்டிக்குள்ள போயிட்டா நல்லாக் கெடைக்கும்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங். அவனுக்குச் சீக்கு வந்தது எனக்குத்தான் மொதல்ல தெரிஞ்சது. பொண்டாட்டிக்குத் தெரியல, கடைக்கு வர்றவனுக்குத் தெரியல. ரவா ரோஸ்ட்டு வழுக்குச்சு. ரகரம் லகரமா வருது. ஊத்தப்பம் பாதியில மூக்குக்குள்ள போயிருது. நான் என்ன நெனச்சேன், குடிச்சிட்டு வர்றான்னு நெனச்சேன். அவன் பொண்டாட்டி வேலுத்தாய்கிட்ட, "குடிச்சிட்டுக் கடைக்கு வரவேணாம்னு சொல்லு"ன்னேன். அது அழுதுச்சு. "அவரு வாசனைப் பாக்குகூடப் போடமாட்டாரே அத்தான்." அப்பறம் டீ குடிச்சா பொறையேறுது. தண்ணி குடிச்சா கண்ணு பிதுங்கி இருமுறான். எச்சி ஒழுகுது, தோள்த்துண்டால தொடச்சுக்கிட்டே சப்ளை பண்றான். சாப்பிட வந்தவங்க மூஞ்சியத் திருப்புறாங்க.

மதுரைக்கு நான்தான் கூட்டிட்டு வந்தேன். அவனும் வேலுத்தாயும் முன் சீட்டு, நான் பின் சீட்டு. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா நல்ல மனுசி. நாக்க நீட்டச் சொல்லிப் பாத்தாங்க. தம்பி, அவன் நாக்கு நெளியிது. அவன் அசைக்கல, அதுவா நெளியிது, உள்ள புழு ஓடுற மாதிரி. நான் அதைப் பாத்தேன். பாத்திருக்கக் கூடாது.

மோட்டார் நியூரான் நோய்னாங்க. மூளையில இருந்து சதைக்கு உத்தரவு கொண்டு போற நரம்பு ஒண்ணொண்ணாச் செத்துக்கிட்டு வருமாம். எனக்கு வெளங்கிருச்சு. சன்னல்கிட்ட நின்னு சப்ளை கத்துறான், அடுப்படிக்குக் கேக்கல. அம்புட்டுத்தான். அவனுக்கு மொதல்ல வாயிலயும் தொண்டையிலயும் பிடிச்சிருக்கு. அப்பறம் கை, கால், கடைசியில மூச்சு. தீக்குறதுக்கு மருந்து இல்லைனுட்டாங்க. அவங்க ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டு நான் கேட்டேன். "டாக்டரம்மா, யாராவது ஏதாவது சொல்லி, அதனால இப்படி வருமா?" அப்படியெல்லாம் வராதுய்யான்னாங்க. அடுத்த தடவை போனப்பவும் கேட்டேன். வராதுன்னாங்க. படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான இருக்கும்?

இதுல இன்னொண்ணு கேளுங்க. சிரிப்பு. என்னைக் கண்டா சிரிக்கிறான். நான் மாவுச்சட்டியோட அந்தப் பக்கம் போனா, கெக்கக்கேன்னு, நிறுத்த முடியாம சிரிக்கிறான். மூஞ்சியப் பாத்தா சிரிக்கிற மூஞ்சியா இல்ல, ஆனா சத்தம் சிரிப்புச் சத்தம். எனக்கு எப்படி இருக்கும்? இம்புட்டுச் செய்யிறோம், நக்கலப் பாரேன்னு அவன் இருக்கிற பக்கமே போகாம இருந்தேன். டாக்டரம்மாதான் சொன்னாங்க, அதுவும் சீக்குதானாம். சம்பந்தமில்லாம சிரிப்பு வரும், அழுகை வரும், அவங்க கையில இல்லையாம். பின்னால அழுகையும் வந்துச்சு. நான் வாசல்ல நின்னாப் போதும், தேம்பித் தேம்பி அழுவான். வேலுத்தாய், "உங்களை நெனச்சுத்தான் அழுகிறாரு அத்தான்"னுச்சு. எனக்கா தெரியாது? அவன் அழுகல தம்பி, சீக்கு அழுகுது. டாக்டரே சொல்லிட்டாங்க.

அந்தச் சிரிப்புக்கும் அழுகைக்கும்தான் இந்த மாத்திரை. இருமலுக்குக் குடுக்கிற மருந்தும் இதயத்துக்குக் குடுக்கிற மருந்தும் சேந்ததாம். டாக்டரம்மா சொல்லும்போதே தெளிவாச் சொன்னாங்க. "இது நோயை நிறுத்தாது. அழுகை சிரிப்பு கொறையும். சில பேருக்குப் பேச்சும் முழுங்குறதும் கொஞ்சம் தேறுது. எல்லாருக்கும் இல்ல, ரொம்ப நாளைக்கும் இல்ல. இதயத்தையும் அப்பப்ப படம் எடுத்துப் பாக்கணும்." எனக்கு ஒண்ணுதான் காதுல விழுந்துச்சு. பேச்சு தேறும். எழுதிக் குடுங்க டாக்டரம்மான்னு கையப் பிடிச்சுக்கிட்டேன்.

எனக்கு என்ன ஆசை சொல்லுங்க? சொத்தா கேட்டேன்? அந்த நாக்கு முழுசாச் சாகுறதுக்கு முன்னாடி அந்த நாக்கால ஒரே ஒரு தடவை அண்ணேன்னு சொல்லட்டும். சொல்லிட்டா எல்லாம் அழிஞ்சு போயிரும். நான் சொன்னதும் அழிஞ்சு போயிரும். என்ன பாக்கிறீங்க? உப்புக் கதையத்தான் சொன்னேன், சண்டையத்தான் சொன்னேன்.

மாத்திரைய முழுங்க வைக்கிறதே பெரும்பாடு. முழுங்குறதுக்குக் குடுக்கிற மாத்திரைய முழுங்க முடியல, இந்தக் கொடுமையை எங்க போய்ச் சொல்ல? மாத்திரைக் கூட்டைப் பிரிச்சு உள்ள இருக்கிற பொடிய மட்டும் குடுக்கலாமான்னு டாக்டரம்மாட்டக் கேட்டுக்கிட்டேன். தண்ணியில குடுத்தா மூச்சுக்குழாய்க்கு ஓடிரும். கெட்டியா இருந்தா தொண்டையில நிக்கும். நான்தான் கேப்பக்கூழ் காச்சுவேன். தோசை மாவு பதம். கரண்டியில எடுத்தா சொட்டக் கூடாது, சரியணும். அதுல கலந்து, சன்னல் வழியா வேலுத்தாய்கிட்டக் குடுத்துருவேன். நான் கொண்டு போய்க் குடுக்கிறதில்ல. கொண்டு போனா பேச வேண்டி வரும்ல?

கேட்டுச்சு தம்பி. மருந்து கேட்டுச்சு. அழுகை நின்னுச்சு, எச்சி ஒழுகுறது மட்டுப்பட்டுச்சு. இட்லியைப் பால்ல கரைச்சுக் குடுத்தா பொறையேறாம எறங்குச்சு. வேலுத்தாய் ஓடி வந்து, "என் பேரைச் சொன்னாரு அத்தான், தெளிவா"ன்னுச்சு. அன்னைக்கு நான் கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் கேசரி போட்டேன். காசு வாங்கல.

அப்பறம் ஒருநாள் காலையில, நல்ல கூட்டம். திடீர்னு வெளிய சத்தம் அடங்குச்சு. நான் தலையத் தூக்கிப் பாக்குறேன், சன்னல்ல அவன் நிக்கிறான். துவைச்ச சட்டை, தோள்ல துண்டு, பழைய எடத்துல, பழைய மாதிரி சன்னல் கட்டையப் பிடிச்சுக்கிட்டு. வேலுத்தாய் பின்னால நிக்குது. கரண்டியக் கீழ வச்சுட்டேன். டேய் சொல்லிருடா, சொல்லிருடான்னு உள்ளுக்குள்ள கெஞ்சுறேன். அவன் கண்ண மூடி, மூச்ச இழுத்து, வாயக் கோணி, ஒவ்வொரு எழுத்தாப் பொறுக்கி எடுத்துக் கூப்பிட்டான்.

"மா...ஸ்...டர்... ஒரு... இட்...லி."

சாப்பிட்டுக்கிட்டிருந்த ஒரு லாரி டிரைவர் எந்திரிச்சு கையத் தட்டுறாரு. கல்லாவுல இருந்த என் மச்சினன் கண்ணத் தொடைக்கிறான். எனக்கு உச்சியில ஏறுச்சு பாருங்க. மருந்து நான் வாங்கிக் குடுத்தது, கூழு நான் காச்சுனது, அதுல வந்த பேச்சுல என்னைய மாஸ்டர்ங்கிறான்! ஒரு இட்லிய எடுத்துத் தட்டுல வச்சு சன்னல்ல தள்ளுனேன். கல்லுல தட்டக்கூட இல்ல. அவன் காத்துக்கிட்டு நின்னான். அப்பறம் தட்ட எடுத்துட்டுப் போய் உக்காந்தான். சாம்பார ஊத்தி விரலால கொழச்சு, ஒரு துளி எடுத்து வாயில வச்சான். இருமல் பிடிச்சுக்கிச்சு. மூஞ்சி நீலம் பாஞ்சு, கடை பூராம் எந்திரிச்சு, தலையக் குனிய வச்சு முதுகுல தட்டி, ஒருவழியா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க.

சாயங்காலம் வேலுத்தாய் வந்துச்சு. எப்பவும் தலை குனிஞ்சு பேசுற பிள்ளை, அன்னைக்கு நேராப் பாத்துப் பேசுச்சு. "அத்தான், அந்த மூணு வார்த்தைக்காக எத்தனை நாளு கண்ணாடி முன்னால நின்னாரு தெரியுமா? உங்ககிட்டத்தான் பேச வந்தாரு. அண்ணேன்னு கூப்பிடக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்கள்ல? நீங்க விலக்கி வச்ச வார்த்தைய அவரா எப்படி எடுப்பாரு? நீங்க ஒரு வார்த்தை, தவமணின்னு கூப்பிடுங்க, போதும்."

நான் கேக்குறேன், நான் சொன்னா? அண்ணன் ஆயிரம் சொல்லுவான். தம்பின்னா அதை மீறிக் கூப்பிடணும்ல? நான் வேணாம்னதும் விட்டுட்டா அதுல என்ன பாசம் இருக்கு?

சரி, மருந்து இருக்கு, பொறுமையா இருப்போம்னு இருந்தேன். டாக்டரம்மா சொன்னது மாதிரி அது ரொம்ப நாளைக்கு நிக்கல. பேச்சு மறுபடி கொழகொழத்து, அப்பறம் வெறும் ஊளைச் சத்தமாகி, அதுவும் போச்சு. நாக்கு இப்ப காஞ்ச புளியங்கொட்டை மாதிரி சுருங்கிக் கெடக்கு. வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் வச்சிருக்கு. கூழை இன்னும் நான்தான் காச்சுறேன், இப்ப நீர்க்கக் காச்சுறேன், குழாய்ல எறங்கணும்ல. மாத்திரையும் அது வழியாத்தான் போகுது. நாக்குக்கான மாத்திரை நாக்கப் பாக்காமலே போகுது.

ஒருநாள் என்ன செஞ்சான், ஒரு பலகையில சாக்பீஸால அந்த வார்த்தைய எழுதி நெஞ்சுல வச்சுக்கிட்டுப் படுத்திருக்கான். நான் வாசல்ல நின்னு பாத்தேன். எழுத்தெல்லாம் கோணல். கூப்பிட்டதா ஆகுமா அது? எழுதுனா எழுத்துதான தம்பி, கூப்பிட்டதா எப்படி ஆகும்? வாயால போனது வாயாலதான் வரணும். திரும்பி வந்துட்டேன்.

இன்னைக்கு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இந்த மாத்திரைய நிறுத்திருங்கய்யா, இனி இதுல புண்ணியமில்ல, இதயத்துக்கும் ஆகாது, அவருக்கு மூச்சே கொறஞ்சுக்கிட்டு வருது, பக்கத்துல இருந்து பாத்துக்கங்கன்னாங்க. கேட்டேன், "காது எப்படி டாக்டரம்மா?" காதுக்கு ஒண்ணுமில்லய்யா, அறிவுக்கும் ஒண்ணுமில்ல, நீங்க பேசுறது எல்லாம் அவருக்குக் கேக்கும், எல்லாம் புரியும்னாங்க. சரிங்கன்னு தலையாட்டிட்டு வெளிய வந்தேன். பழைய சீட்டு சட்டைப்பையில இருந்துச்சு. அதை மருந்துக்கடையில காட்டி வாங்கிட்டேன். இந்தா, மடியில இருக்கு. குடுக்க மாட்டேன் தம்பி, பயப்படாதீங்க. டாக்டர் சொன்னதை மீறுவேனா? கையில இருக்கட்டும்னு வாங்குனேன். இல்லாம வீட்டுக்கு எப்படிப் போறது?

அந்தா ஆண்டிபட்டி வந்துருச்சு. கணவாய் தாண்டுனதே தெரியல, பேசிக்கிட்டே வந்துட்டோம். இம்புட்டு நான் யார்கிட்டயும் பேசுனதில்ல.

இருங்க, போன் அடிக்குது. வேலுத்தாய்.

"ஆங், சொல்லும்மா. வாங்கிட்டேன்... வந்துக்கிட்டிருக்கேன், ஆண்டிபட்டி. என்னம்மா, ஏன் அழுகிற?... மூச்சு வாங்குதா?... டாக்டரக் கூப்பிட்டியா?... வந்து பாத்துட்டாரா... என்ன சொன்னாரு... சரி. சரிம்மா. நான் வந்துருவேன்னு சொல்லு... நான் எதுக்கு, நீயே சொல்லு... வேணாம்மா, காதுல வைக்காத... வேலுத்தாயி... வேலுத்தாயி..."

...

கட்டாயிருச்சு தம்பி.

ஒண்ணும் இல்ல. போனை அவன் காதுல கொண்டுபோய் வச்சிருச்சு. புர்ரு புர்ருன்னு மூச்சுச் சத்தம்தான் கேட்டுச்சு. அப்பறம் கட்டில் கம்பியில யாரோ தட்டுற மாதிரி இருந்துச்சு, டொக்கு டொக்குன்னு. கரண்டி வச்சுத் தட்டுற மாதிரி. அந்தப் பிள்ளைதான் பாத்திரத்தை எங்கயாவது இடிச்சிருக்கும். அவனுக்கு இப்ப விரல் மட்டும்தான் அசையுது.

நான் பேசலாம்னுதான் வாயெடுத்தேன். கட்டாயிருச்சு. இந்த எடத்துல சிக்னல் கெடையாது.

என்ன, உங்க போன்ல நெறையக் காட்டுதா? உங்களது வேற கம்பெனியா இருக்கும்.

மறுபடி அடிக்குதா? அடிக்கட்டும் தம்பி. எடுத்தா மட்டும் அவன் என்ன பேசிறப் போறான்?